காட்டுக்குச் சவரம்

பிள்ளைகளா, ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் அப்பா நான் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறேனே என்று முணுமுணுக்கிறீர்கள். ஒரு நெருப்புக் கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு முணுமுணுங்கள்.

இரத்தோட்டைக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்கள் லயம். லயத்துக்குப் பின்னால் மானாப்புல் மலை. அதைத் தாண்டினால் எல்லைக் கல் நட்ட அரசாங்கத்துக் காடு. அங்கே ஒரு கம்புகூட வெட்டக் கூடாது. லயத்துக்கெல்லாம் பொதுவான குழாய், எங்கள் பீலி; அதில் விழுந்த தண்ணீர் அந்தக் காட்டிலிருந்துதான் வந்தது.

வெயில் காலத்துக்கு முன்னாலேயே என் சித்தப்பா நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, புல்லுக்கும் காட்டுக்கும் நடுவே மூன்று ஆள் நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு வெறும் மண் தெரியச் செதுக்குவார். பிறகு ஞாயிறு தவறாமல் போய் அதில் விழுந்த சருகைக் கூட்டுவார். சித்திக்கு அது பிடிக்காது.

"ஏங்க, மூஞ்சில கத்தி பட்டு ரெண்டு வாரமாச்சு. காட்டுக்கு மட்டும் வாராவாரம் சவரமா?"

"என் மூஞ்சில நெருப்பு புடிக்காது புள்ள."

"பீடி குடிக்கிறப்ப புடிக்கும், பாருங்க."

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுத்த மலையில் புகை. மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று யாரோ வைத்த நெருப்பு, காற்றோடு சேர்ந்து எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பெண்கள் பீலியடியில் கூடி மேலே பார்த்தார்கள்.

"காடு பத்திக்கிச்சுன்னா தண்ணிக்கு எங்க போறது?" என்றார் அம்மா.

எனக்கோ திருவிழா. தங்கச்சி கையில் தண்ணீர்ப் போத்தல், என் கையில் பச்சைக் கொப்பு. ஓடினோம்.

"அந்தப் பாறைய தாண்டுனா கால ஒடைச்சிருவேன்" என்று மேலேயிருந்து சித்தப்பா கத்தினார். பாறைக்குப் பின்னால் நின்றோம்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன்! கட்டுக்கட்டாகச் சீனவெடி கொளுத்தியதுபோல் மானாப்புல் வெடித்தது. ஆள் உயரத்துக்கு மேலே நெருப்பு எழும்பி எழும்பி வந்தது. இதோ யுத்தம் என்று கொப்பை ஓங்கினேன்.

நெருப்பு செதுக்கிய மண்வரை வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது. அப்படியே படுத்துவிட்டது. ஒரேயொரு பொறி மட்டும் பறந்து காட்டோரம் விழுந்தது. சித்தப்பா அதைச் செருப்பால் மிதித்தார்.

"முடிஞ்சிச்சு. போய் தேத்தண்ணி குடிங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சித்தப்பா ஒன்றுமே செய்யவில்லை, சும்மா நின்றார், நெருப்பு தானாக அணைந்தது என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சித்தி கேட்டுச் சிரித்தார். மறுநாள் காலையில் சுடுதண்ணீர் வைத்து, சித்தப்பா சவரம் பண்ணி முடியும்வரை கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். சும்மா நின்ற மனுஷனுக்கு இவ்வளவு உபசாரமா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று தனியாக மேலே போனேன். நெருப்பு எதைக் கண்டு நின்றது என்று தேடினேன். ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை, உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். அதில் காற்று கொண்டுவந்து போட்ட ஒரு சருகு கிடந்தது. ஏனென்று தெரியாமல் அதை எடுத்துக் கரிப்பக்கம் வீசினேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று கிடந்தது. அதையும் எடுத்தேன்.