துரைக்கு வாயாக இருந்த கிருபானந்தம்

காட்பாடி கிருபானந்தத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆளுவதைச் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தைகள் மேல் பைத்தியம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளிலேயே அது பிடித்துக்கொண்டது. நாமெல்லாம் ‘அதிகாரம்’ என்ற ஒன்றை வைத்துக்கொண்டே மணியக்காரர் முதல் மகாராணி வரைக்கும் ஒப்பேற்றிவிடுகிறோம். இங்கிலீஷ்காரனோ பவர் என்கிறான், அதாரிட்டி என்கிறான், ரூல், கமாண்டு, கண்ட்ரோல், டொமினியன் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு, மனுஷர் சண்டைக்கே வந்துவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு இருப்பது சார்ஜ், பட்டாளத்துத் துரைக்கு இருப்பது கமாண்டு, சக்கரவர்த்திக்கு இருப்பது டொமினியன் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். அப்படியானால் வீட்டில் உங்களுக்கு இருப்பது என்ன என்று அவர் மனைவி ஜெயபுஷ்பம் கேட்பாள். அதற்கு மட்டும் அவரிடம் வார்த்தை கிடையாது.

அந்தப் பைத்தியமே அவருக்குச் சோறும் போட்டது. வேலூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கச்சேரியில், அதாவது ஆபீஸில், மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் கிடைத்தது. கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையுமாய்ப் போய், வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, சொன்னதைச் சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ‘துரை இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. துரை ‘நான்’ என்றால் இவரும் ‘நான்’ என்றே தமிழில் சொல்ல வேண்டும். எதிரே நிற்கிற குடியானவன் ‘நான்’ என்றால் இங்கிலீஷிலும் அப்படியே. ‘நான் உன்னைத் தண்டிக்கிறேன்’ என்பார், அடுத்த மூச்சிலேயே ‘நான் ஏழை, என்னை மன்னிக்க வேண்டும்’ என்பார். புதிதாய்ப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கிருபானந்தம் அதை ஒரு நாளும் வேடிக்கையாக நினைத்ததில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்கு ஒரே அக்கா, ஜெபராணி. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள். ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் போன பிறகு ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கத்தரித் தோட்டமுமாய்ப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தோல் பதனிடுகிற தொழிற்சாலை ஒன்று, தோல் ஷாப்பு என்பார்கள், வந்தது. தோல் ஊறின சுண்ணாம்புத் தண்ணீரும் ஆவாரம்பட்டைச் சாறும் வாய்க்காலில் இறங்கின. முதலில் கிணற்றில் நுரை கட்டிற்று. பிறகு தண்ணீர் உப்பும் கசப்புமாகிச் செடிகள் நின்ற இடத்திலேயே கருகின. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவள் வேலூருக்கு வந்து தம்பி வீட்டில் உட்கார்ந்தாள். துரை பக்கத்திலேயே நிற்கிறவன் நீ, ஒரு வார்த்தை சொல், வாய்க்காலை வேறு பக்கம் திருப்பிவிடச் சொல் என்றாள். மற்றவர் சொன்னதைத்தான் தான் சொல்லலாம், தானாக எதுவும் சொல்லக்கூடாது என்று அவர் விளக்கினார். அது அவளுக்கு ஏறவேயில்லை.

“வாய் உன்னுதுதானேடா?” என்றாள்.

துரை ஊர் ஊராய்ப் போய் மனு வாங்குகிற முகாமுக்கு வந்து நீயே சொல், நல்ல இங்கிலீஷில் எடுத்துச் சொல்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டார். இவ்வளவுதானா நம்மால் முடிந்தது என்று அவருக்கே வெட்கமாயிருந்தது.

அக்காவின் ஊருக்குப் பக்கத்து மாந்தோப்பில் முகாம். தெலுங்கு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்த புதுத் துரைக்குத் தமிழ் தெரியாது. இளவயது, சிரித்த முகம், யாரையும் அதட்டாத மனுஷர். ஜெபராணி கும்பிட்டுவிட்டுக் கிணற்றுக் கதையைச் சொன்னாள், அதுவும் துரையைப் பார்த்தல்ல, தம்பியைப் பார்த்து. ‘என் கிணறு கெட்டுப்போயிற்று, என் செடி செத்துப்போயிற்று’ என்று கிருபானந்தம் இங்கிலீஷில் சொன்னார்.

ஷாப்பு குமாஸ்தா நிசார் அஹமதுவைக் கூப்பிட்டார்கள். அவர் மழுப்பவில்லை. தண்ணீர் கெட்டது நிஜம், முதலாளி மதராஸில் இருக்கிறார், தோலை வாங்கி அனுப்புகிற எனக்கு வாய்க்காலைத் தொட உத்தரவு இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதையும் ‘எனக்கு உத்தரவு இல்லை’ என்று கிருபானந்தமே துரைக்குச் சொன்னார்.

துரை நிதானமாகப் பதில் சொன்னார். ஆறு மராமத்து இலாகாவின் கண்ட்ரோல். வாய்க்கால் தாலுகா போர்டின் அதாரிட்டி. ஷாப்பை நிறுத்துகிற பவர் கவர்ன்மெண்டுக்குத்தான். தனக்கு இதில் ஜூரிஸ்டிக்‌ஷன் கிடையாது. கர்த்தர் மன்னிக்கட்டும், ஒரு கணம் கிருபானந்தத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. நாலு வார்த்தை, நாலும் அததன் இடத்தில்! பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

“ஆறு என் வசம் இல்லை. வாய்க்கால் என் அதிகாரத்தில் இல்லை. ஷாப்பை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. இந்த விவகாரம் என் எல்லைக்குள் வராது.”

“அப்போ நான் யாரைத்தான் போய் கேக்கறது?” என்றாள் அவள்.

அதையும் கிருபானந்தம் துரைக்கு இங்கிலீஷில் சொன்னார். எல்லா இடத்துக்கும் மனுப் போட்டுக்கொள்ளலாம் என்று துரை புன்சிரிப்போடு சொன்னார். அப்போதுதான் கிருபானந்தம் சத்தியத்தை மீறினார். இவள் என் அக்கா, அந்தக் கிணற்றை விட்டால் இவளுக்கு நாதியில்லை என்று இங்கிலீஷில் தானாகவே சொல்லிவிட்டார்.

துரை அவரை நிமிர்ந்து பார்த்து, இது அந்த அம்மாள் சொன்னதா என்று கேட்டார். இல்லை என்றார் கிருபானந்தம். அப்படியானால் அது தன் காதில் விழவில்லை என்று துரை சாந்தமாகச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

சாயங்காலம் வண்டிப் பாதையோரம் அக்கா நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

“துரை நல்ல மனுஷன் தம்பி. சிரிச்ச மூஞ்சியா உக்காந்துனு இருந்தாரு. என் வசம் இல்ல, எனக்கு உரிமை இல்லன்னு சொன்னதெல்லாம் நீதானே?”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் அடுத்த ஊர் முகாமில், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, யாரோ ஒரு குடியானவனிடம் ‘எனக்கு அதிகாரம் இல்லை’ என்று சொன்னார் கிருபானந்தம். அந்த ஐப்பசியில் ஜெபராணி அதே தோல் ஷாப்புக்கு ஆவாரம்பட்டை இடிக்கக் கூலியாளாகப் போய்ச் சேர்ந்தாள்.