மாதாவுக்கு வசனம் சொன்ன ஆடு

போன வருஷம் எங்கள் பங்குக் கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஓர் அதிசயம் நடந்தது. மாதா வாயைத் திறந்தார். குரல் ஆட்டிடமிருந்து வந்தது!

விஷயம் இதுதான். மாதா வேஷம் போட்ட சிறுமிக்கு வசனம் மறந்துவிட்டது. கொட்டிலில் ஆடாகப் படுத்திருந்த பக்கத்து வீட்டு ஜெனிஷா, பஞ்சு ஒட்டிய தலையைத் தூக்கி, மொத்த வசனத்தையும் ஒப்பித்துவிட்டாள். சூசையப்பர் வசனமும் அவளுக்கு மனப்பாடம். மேடையேறிய நாளிலிருந்து ஆடுதான்... நாலு காலில் நின்றே முழு நாடகத்தையும் படித்திருக்கிறாள்.

இந்த வருஷமாவது மாதா வேஷம் வேண்டும் என்று கேட்டாள். நாடகத்தை நடத்தும் லூர்து அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

“ஏளா, நீ நல்லாத்தான் நடிப்பே... ஆனா லைட்டு அடிச்சா முகம் எடுப்பா தெரியாதுல்லா?”

கறுப்பு என்று அவர் சொல்லவே இல்லை — கவனித்தீர்களா? யாருமே சொல்வதில்லை. லைட்காரரைக் கேட்டால், மாதாவின் நீல டிரெஸ் பொருந்தாது என்பார். டிரெஸ் தைப்பவரைக் கேட்டால், “எப்பவும் இப்பிடித்தான” என்பார். நாடகக் கமிட்டியில் எல்லாரும் தங்கமானவர்கள். எல்லாரும் தூத்துக்குடி வெயிலில் வறுபட்ட என் நிறம்தான்! ஆனாலும் வருஷா வருஷம் சிவத்த பிள்ளை மாதா, கறுத்த பிள்ளை ஆடு. நிறவெறி என்றால் ஏதோ வெள்ளைக்கார நாட்டுச் சமாச்சாரம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

தனி ஆள் செய்த பாவத்துக்கு, சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. யாரும் செய்யாமல் தானாகவே நடக்கிற பாவத்துக்கு? கமிட்டி மொத்தமாக வந்து முழங்காலிட, ஓர் ஆள் மட்டுமே கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இடம் ஏது?

ஜெனிஷா விடவில்லை.

“அண்ணாச்சி, பெத்லகேம் கொட்டில்ல ஏது லைட்டு?”

அண்ணாச்சி மறுபடியும் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது. கோயில் வளாகமாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, “பிள்ள கேக்கது சரிதான அண்ணாச்சி?” என்றேன். ஒருவழியாக வேஷம் கிடைத்தது.

போன ஞாயிறு சாயங்காலம் நாடகம். மேக்கப் போட்டவர், பழக்கதோஷத்தில், ரோஸ் பவுடரை அப்பிவிட்டார். ஜெனிஷா நேராகக் குழாயடிக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள். ஈரம் சொட்டச் சொட்ட மேடை ஏறினாள். ஒரு வசனம் பிசகவில்லை. முன்வரிசையில் அவள் அம்மா அழுதார். நானும்தான்... மறைப்பானேன்?

கடைசிக் காட்சி. கோயிலில் இருக்கும் பாலன் இயேசு சொரூபத்தை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாலனுக்கு ரோஜா நிறக் கன்னம், நீலக் கண்.

லூர்து அண்ணாச்சிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தாயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காதைக் கடித்தார்.

“பிள்ளைக்குத் தாய் சாடை இல்ல... தகப்பன் சாடை போலுக்கு!”

பரமபிதாவின் நிறத்தை எந்தக் கமிட்டி முடிவு செய்ததோ?