இடது கை சீல் மட்டும் ஏன் கசியுது?

தண்ணீருக்குள் முங்கி வேலை பார்க்கிறவனுடைய உயிர் காற்றுக் குழாயில் இருக்கிறது என்று நினைப்பீர்கள். எங்கள் தொழிலில் அது மணிக்கட்டில் இருக்கிறது. குளிர்க்கடலிலும் அழுக்குத் தண்ணீரிலும் இறங்குகிறவர்கள் டிரைசூட் என்று ஓர் உடுப்பு போடுவார்கள். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. போகாமல் பிடிப்பது சட்டைக் கை முனையில் ஒட்டியிருக்கும் மெல்லிய லேட்டக்ஸ் ரப்பர். சீல் என்போம். அது கிழிந்தால் புதிது ஒட்டித் தருவதுதான் திருநெல்வேலி டவுணில் என் சித்தப்பா நடத்தும் கடை. வளைகுடாவில் கற்றுவந்த வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான்.

வாடிக்கையாளர் முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது. எனக்கு யார் குரலும் வரும். ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் லீவு விட்டுப் பாதிப் பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு அனுப்பியவன் நான். அந்த வித்தையை வைத்துக் கடையில் ஓர் ஆளை ஏமாற்றினேன். கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே சொல்ல மாட்டேன்.

எண்ணெய்

லேட்டக்ஸுக்கு எண்ணெய் ஆகாது. பட்டால் ஊறிப் பிசுபிசுத்துக் கிழிந்துவிடும். கையை நுழைக்க வாசனை இல்லாத பவுடர் தூவ வேண்டும். கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். உடுப்பைக் கொடுக்கும்போதெல்லாம் சித்தப்பா இதை ஒப்பிப்பார். நான் பின்னால் நின்று அவரை மாதிரியே வாயசைப்பேன்.

கப்பல் அடிப்பாகத்தைச் சுரண்டும் மைதீன் பாய் கொண்டுவந்த சீலைத் தொட்டேன். அல்வா மாதிரி விரலோடு வந்தது. என்ன தடவினீர்கள் என்று சித்தப்பா கேட்டார். தேங்காயெண்ணெய் என்றார். எண்ணெய் ஆகாது என்று போன தடவையே சொன்னோமே என்றதும் பாய்க்கு முகம் வாடிப்போனது.

"கடையில விக்கிற எண்ணெயச் சொல்லுதியன்னுல்லா நெனச்சேன். இது எங்க வீட்டுத் தென்னையில உள்ளது வே!"

கயிறு

தண்ணீர்த் தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், வலது கை நனைகிறது என்று சண்டைக்கு வந்தார். சீல் புதுசு. உடுப்பை மாட்டச் சொல்லிப் பார்த்தால், கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு சீலுக்கு அடியில் கிடக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது.

அவிழ்க்கச் சொன்னோம். வீட்டுக்காரி கொன்றுவிடுவாள் என்றார். அந்தக் கயிறு ஏறிய பிறகுதான் அவரைத் தண்ணீரில் இறங்கவே விட்டாளாம். அப்படியானால் காலில் கட்டிக்கொள்ளுங்கள் என்று நான் வழி சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கால்ல கட்டுனா சாமி காலத்தானலே காப்பாத்தும்? மேல உள்ளத யாரு பாக்கது?"

அளவு

நான் சொன்ன சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

சூசை அண்ணன் உவரிக்காரர். குளிர்க்கடல் உள்ள ஒரு நாட்டில், கடலடிக் குழாய்களைப் பழுது பார்க்கிற வேலை. ஒருமுறை ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் நரம்பு அடிபட்டு, இடது கை விளங்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கை தேறினால் திரும்ப வரலாம் என்பது கம்பெனியின் பேச்சு. "தேறிட்டுலே!" என்று சொல்லிக்கொண்டேதான் எங்கள் கடைக்குள் நுழைந்தார். ஆளும் பெரிசு, சிரிப்பும் பெரிசு. உவரிக் கடலில் முங்கிப் பார்த்தாராம். இடது கையில் மட்டும் தண்ணீர் கசிகிறதாம்.

சித்தப்பா புது சீல் ஒட்டினார். அண்ணன் கடையில் இருந்த நீல டிரம்மில் கையை முக்கி எடுத்தார். உள்ளே ஈரமே இல்லை. சந்தோஷத்தில் எங்களுக்கு அல்வா வாங்கிவந்து கொடுத்தார். சில வாரம் கழித்து மறுபடி வந்தார். அதே இடது கை. சித்தப்பா மணிக்கட்டை அளந்துவிட்டு, ஓர் அளவு சின்ன சீலை எடுத்தார். அதற்குப் பிறகும் வந்தார். அதைவிடச் சின்னது.

அன்று அவர் தெருமுனை தாண்டியதும், "என்ன ரப்பரு வே விக்கீரு!" என்று அவர் குரலிலேயே முழங்கினேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

"ரப்பரு நல்லாத்தாம்லே இருக்கு. அவரு கைதான் சூம்பிக்கிட்டே வருது."

மெட்ராஸ் குரல்

அடுத்த தடவை அண்ணன் கத்திக்கொண்டே வந்தார். நாங்கள் போலிச் சரக்கை ஒட்டுகிறோமாம். உண்மையைக் கம்பெனி டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும், தன் வாயால் வேண்டாம் என்று சித்தப்பா முன்னமே என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

பின்கட்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்று, கடை போனுக்கு அடித்தேன். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார். "சார், சென்னை ஆபீஸ்லேந்து பேசறேன் சார். உங்களுக்கு அனுப்புன ரப்பர் மொத்தமும் வீக்கு சார். ரொம்ப சாரி சார். கஸ்டமர் கையில ஒரு மிஸ்டேக்கும் இல்ல சார்." கடைசி வரி யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே சேர்த்தது. சிரிப்பை அடக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன். வெளியே மேஜையில் ஓங்கி ஓர் அடி விழுந்தது.

"கேட்டீரா வே! என் கையில ஒரு கொறையும் இல்லன்னு அவனே சொல்லிட்டான்!"

டிரம்

கம்பெனி அவரை உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டுவிட்டது. போவதற்கு முன்னால் உடுப்பை வாங்க வந்தார். கடையில் இருந்ததிலேயே சின்ன சீலை ஒட்டி வைத்திருந்தோம். டிரம் பக்கம் வந்தவர் ஏனோ தயங்கினார். "மொதல்ல நீ முக்கிக் காட்டுலே" என்றார்.

நான் ஜம்பமாக என் கையை நுழைத்துத் தண்ணீரில் அமுக்கினேன். கையை உருவிக் காட்டினேன். காய்ந்த கை. "பாத்தியளா, கச்சிதம்!" என்று கூவினேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

என் மணிக்கட்டைத் தன் வலது கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்தார். விரலை அப்படியே விலக்காமல் தன் இடது மணிக்கட்டுக்குக் கொண்டுபோனார். அதே வளையத்துக்குள் அது அடங்கியது. மறுபடி என்னுடையது. மறுபடி அவருடையது. சித்தப்பா கீழே கிடந்த ஒரு ரப்பர்த் துண்டை எடுத்துக் காரணமே இல்லாமல் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பின்கட்டு அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்தவில்லை.

"ஏலே, அந்த மெட்ராஸ்காரன இன்னொரு தடவ பேசச் சொல்லு."

எந்தப் பழியைப் போட்டாலும் ரப்பர் வாயைத் திறக்காது என்பதுதான் எங்கள் தொழிலில் உள்ள ஒரே சௌகரியம்.