மூன்றாவது அடி

தரையில் படுத்திருப்பவனுக்கு மனிதர்களின் கால்கள்தான் முதலில் தெரியும். கிரேன் அண்ணனை நான் அப்படித்தான் கவனிக்கத் தொடங்கினேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் அவர் பகலில் கிரேன் ஓட்டினார். நான் அதே மில்லில் இரவு ஷிப்ட்டில் கம்பி கட்டினேன். கவரைப்பேட்டையில் இருவருக்கும் ஒரே ரூம். காலையில் நான் வந்து சுவரோரம் பாய் விரித்துப் படுப்பேன். வேலைக்குக் கிளம்புமுன் அவர் மீதமுள்ள இடத்தில் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் நிற்பார். தொடை நடுங்கும். நாற்பதைத் தாண்டிய மனிதர் எதற்காகத் தன்னை இப்படி வதைத்துக்கொள்கிறார் என்ற யோசனையில் எனக்குத் தூக்கம் போய்விடும். ஆனால் கேட்க மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. தூங்குவதுபோல் கிடந்து, அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நின்று முடித்ததும் நடப்பார். ஒரு அடி வைத்து ஒரு குத்து, இன்னொரு அடி வைத்து இன்னொரு குத்து. உடனே திரும்பிவிடுவார். மூச்சுகூடக் கேட்காது. அது கராத்தே என்பது எனக்கு கேன்டீனில்தான் தெரிந்தது.

“இன்னாபா, கிரேன் மேலேர்ந்து கராத்தே வுடப்போறியா? சொல்லிட்டு வுடு, கீழ நாங்க கீறோம்” என்று ஒருவர் கிண்டல் செய்தார்.

“சிரிங்கடா, சிரிங்க. பொங்கலுக்கு மஞ்ச பெல்ட்டோட வரேன்னு எம்பொண்ணாண்ட சொல்லிட்டேன்” என்றார் அண்ணன்.

ஊரில் தாயோடு இருந்த அந்த மகளும் பள்ளியில் கராத்தே கற்றாள். “உன்னால முடியாதுப்பா” என்று போனில் சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமையும் மில் ஓடும் என்பதால் மாஸ்டரிடம் மாதத்துக்கு ஒருமுறைதான் அவரால் போக முடிந்தது. மற்றபடி எல்லாப் பயிற்சியும் எங்கள் ரூமில்தான்.

பெல்ட்டுக்கான தேர்வு திருவள்ளூரில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. “தனியா போவ கூச்சமா கீது, நீயும் வா” என்று அழைத்தார். கூச்சத்துக்குத் துணையாக என்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? மண்டபம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் நடுவே வெள்ளை உடையில் அவர். நேராக மூன்று அடி, அடிக்கு ஒரு குத்து, மூன்றாவதில் உரக்கக் கத்த வேண்டும் என்றார் மாஸ்டர். அண்ணன் இரண்டு அடி வைத்தார். நன்றாகத்தான் வைத்தார். பிறகு சட்டென்று திரும்பிவிட்டார். எதிரே அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள். மறுபடியும் இரண்டே அடி. பிள்ளைகள் சிரித்தார்கள்.

“மூணாவது அடி எங்க சார்?” என்று மாஸ்டர் கேட்டார்.

“ரூம்ல அதுக்கு மேல எடமில்ல சார். நம்மாளு படுத்துனு இருப்பாரு. நைட்டெல்லாம் வேல பாத்துட்டு வந்தவரு.”

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குள் பொங்கல் போய்விடும்.

திரும்பும் பஸ்ஸில் பெரியபாளையம் வரை அவர் அந்த வெள்ளை உடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. “அண்ணா, நான் தூங்கலண்ணா. தெனமும் முழிச்சிக்கினுதான் இருந்தேன்” என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் முழு உடம்போடு என் பக்கம் திரும்பினார். “பாத்துக்கினா இருந்த? அடப்பாவி! பின்னங்காலு நேரா நின்னுச்சா, மடங்குச்சா? யாரக் கேக்கறதுன்னு எத்தினி மாசமா பேஜாரா கீது எனக்கு!”

“கொஞ்சம் மடங்கும்ணா.”

“சொல்ல வேண்டியதுதானய்யா!”

அந்தப் பொங்கலுக்கு அவர் பெல்ட் இல்லாமல்தான் ஊருக்குப் போனார். அடுத்த தேர்வில் தேறினார். இன்று குடும்பத்தோடு வேப்பம்பட்டில் இருக்கிறார். மொட்டை மாடியில் மகளோடு பயிற்சி செய்கிறாராம். பெல்ட் வாங்கிய நாளை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது பஸ்ஸில் பேசியதற்கு மறுநாள் காலையை. பாயைச் சுருட்டி நிமிர்த்தி வைத்துவிட்டு, என்னை எண்ணச் சொன்னார். ஒன்று என்றேன், இரண்டு என்றேன். அவர் கால் தயங்கியது. மூன்று என்பதை உரக்கச் சொன்னேன். அவர் கால் வைத்துக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினாள். “இன்னாய்யா ஆச்சு? யாரு உள்ள?”

“ஒண்ணுமில்லக்கா, நாங்கதான்” என்று முதலில் குரல் கொடுத்தது நான்.