அத்தான் வடித்த ஜின்

என் வேலை பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பது. முகத்தைப் பார்த்தே இவர் டிக்கெட் எடுத்தவர், இவர் எடுக்காதவர் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னையே பல வருடம் ஏமாற்றியவர் என் அக்காவின் கணவர். “இன்னிக்கு ஒரு சொட்டு கூட இல்ல மச்சான்” என்பார். பால் வடியும் முகம். அடுத்த நிமிடம் செருப்பைக் கழற்றக் குனிந்து, செருப்பின் மேலேயே படுத்துவிடுவார். அவரைத் தெருமுனையிலிருந்து வீடு வரை தூக்கித் தூக்கியே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அத்தானின் தொழில் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுவது. வைர முனையால் ஒரே கோடு, விரலால் ஒரு தட்டு, கண்ணாடி சொன்னபடி இரண்டாகும். குடித்த காலத்தில் கை நடுங்கியது, கோடு கோணியது, முதலாளி நாளையிலிருந்து வராதே என்றார். அதற்கும் அசரவில்லை மனுஷன். அக்கா மகள் பள்ளி விழாவில் பரிசு வாங்கிய அன்று மேடைக்கு முன்னால் வந்து கைதட்டிக்கொண்டே நாற்காலி வரிசையோடு சேர்ந்து சாய்ந்தார். அரங்கமே சிரித்தது. அவள் வாங்கிய பரிசை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. அத்தான் வீட்டுக்கு வரும் நேரம் அவள் வாசலில் நிற்பாள். “ஊதுங்கப்பா” என்பாள். அவர் குனிந்து அவள் முகத்தில் ஊதுவார். வாசனை வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எட்டாவது படிக்கும் பெண்ணுக்கு இந்த வேலையா என்று எனக்கு வயிறு எரியும்.

அவள் பள்ளி முடித்த வருடம், ஒருவழியாக ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து அத்தான் குடியை விட்டார். விட்டு நான்கு வருடமாகிறது. இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அக்கா மகள் வளர்ந்து ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். யாரும் அவரை ஊதச் சொல்வதில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. உள்ளே வந்ததும் பையைக் கீழே வைப்பார், மகள் எங்கே இருக்கிறாள் என்று தேடிப் போய்க் குனிந்து ஒரு ஊது ஊதுவார். அவளும் “சரிப்பா” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஒரு தடவை டிக்கெட் காட்டியவரை நானே மறுபடி கேட்பதில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. காலையில் பதிவு, மதியம் சாப்பாடு, சாயங்காலம் நண்பர்களுக்கும் உறவுக்கும் விருந்து. விருந்தில் மது உண்டு. மாப்பிள்ளை வீட்டார் அப்படிப் பழகியவர்கள். ஒருநாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பா, காலையில எல்லாத்துக்கும் நீங்க கூடவே இருக்கணும். சாயங்கால விருந்துக்கு மட்டும்... மதியமே வீட்டுக்கு வந்துடுறீங்களா?”

“சரிம்மா” என்றார் அத்தான். தொடர்ந்து சாப்பிட்டார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். பெற்ற மகள் கல்யாண விருந்தில் அப்பனுக்கு இடமில்லை. அவள் மேல் கோபப்படவும் எனக்கு மனசு வரவில்லை, அந்த நாற்காலி வரிசை அவளுக்கு மறந்திருக்காது.

மறுவாரம் அத்தான் என்னைத் தேடிப் பணிமனைக்கே வந்துவிட்டார்.

“சனிக்கிழமை மதியம் ஒரு இடத்துக்குப் போகணும் மச்சான். ஜின் வடிக்கிறது, காக்டெயில் கலக்குறது எல்லாம் சொல்லித் தர்றாங்களாம். ரெண்டு பேருக்கு இடம் பிடிச்சிருக்கேன்.”

நான் கத்திய கத்தலில் டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா அத்தான்? ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துதே குடையுதேன்னு அழப் போறீங்களா?”

அவர் நான் கத்தி முடிக்கும் வரை காத்திருந்தார். “விருந்துல வெறுங்கையோட நிக்கிறவனைப் பார்த்திருக்கியா நீ? போறவன் வர்றவன் எல்லாம் ஒரு கிளாஸைத் திணிப்பான். பொண்ணோட அப்பா, இன்னிக்கு ஒரு நாள், ஒண்ணே ஒண்ணும்பான். ஆனா ஊத்திக் குடுக்குறவன் கையில யாரும் திணிக்க மாட்டாங்க மச்சான். எல்லார் கண்ணும் அவன் மேலதான் இருக்கும். அந்தக் கூட்டத்துல எனக்குப் பத்திரமான இடம் அது ஒண்ணுதான்.”

நான் அவரை ஓரமாக இழுத்துப் போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

“பாப்பாகிட்ட கேட்கணும். வேலை தெரியாம போய்க் கேட்டா ஒத்துக்கவே மாட்டா. கத்துக்கிட்டுப் போய்க் கேக்குறேன். ருசி பார்க்க ஒரு நாக்கு வேணும். என் நாக்கை நான் நம்பல, நீ வா.”

போனேன். நாக்காகப் போகவில்லை, காவலாகப் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை.

வகுப்பு ஒரு மரச்சாமான் கடையின் பின்கட்டில் நடந்தது. வெள்ளை ஓடு பதித்த நீண்ட அறை. ஒவ்வொரு மேசையிலும் மின்சார அடுப்பு, அதன் மேல் கழுத்து நீண்ட சின்னச் செப்புக் கலம். இரண்டு பேருக்கு ஒரு கலம். மற்ற மேசைகளில் இளவட்டங்கள் வந்ததிலிருந்தே கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லித் தருபவள் ஒரு இளம்பெண். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தாள். அத்தான் நேராக அவளிடம் போனார்.

“நான் குடிச்சுக் கெட்டவன்மா. இப்ப தொடுறதில்ல. வாயில வைக்காம இதைக் கத்துக்க முடியுமா?”

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். “மூக்கு இருக்குல்ல சார்? முக்கால்வாசி வேலை மூக்குக்குத்தான். வாங்க.”

மேசை நிறையக் கிண்ணங்கள். ஜூனிபர் என்று மிளகை விடக் கொஞ்சம் பெரிய கருநீலக் காய், அது இல்லாமல் ஜின் இல்லையாம். கொத்தமல்லி விதை, ஏலக்காய், எலுமிச்சைத் தோல், பெயர் தெரியாத இரண்டு வேர்கள். அத்தான் ஒவ்வொன்றாகக் கசக்கிக் கண்ணை மூடி முகர்ந்தார். எலுமிச்சைத் தோலை மட்டும் ஒரு துண்டு வாயில் போட்டு மென்றார். அவருக்குப் பிடித்ததை எடுக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், “இது பாப்பாவுக்குப் பிடிக்கும்” என்று ஏலக்காயை ஒதுக்கினார், “இது அவளுக்கு ஆகாது” என்று இன்னொன்றைத் தள்ளினார்.

அந்தப் பெண் கலத்தில் சாராயத்தை ஊற்றினாள். அந்த வாடை மேசை முழுக்கப் பரவியது. நான் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது. சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடியின் ஓரத்தை விரலால் தடவினார். “இது சரியா உக்காரல, மழைக்குத் தண்ணி உள்ள வரும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த மனுஷன் மேல் அன்று எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்னால் வந்ததில்லை.

கலம் சூடேறிக் குழாய் வழியாகச் சொட்டத் தொடங்கியது. முதலில் வருவது உடம்புக்கு ஆகாது என்று கொட்டச் சொன்னாள். பிறகு வந்ததைப் பிடித்து, தண்ணீர் சேர்த்து, கலத்துக்கொரு புட்டியில் அடைத்து மெழுகு உருக்கி ஊற்றி மூடிக் கொடுத்தாள். அத்தான் ஜின் வடித்துவிட்டார். அதன் ருசி அவருக்குத் தெரியாது.

அடுத்து காக்டெயில். அதற்கு அவர்களுடைய ஜின் தனியாக இருந்தது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பனிக்கட்டி, மூடிய குவளையில் போட்டுக் குலுக்கு குலுக்கு என்று குலுக்க வேண்டும். அத்தான் கண்ணாடிக்கு அளவெடுப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தார். குலுக்கி ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

“எப்படி இருக்கு மச்சான்?”

உறிஞ்சுகுழலை முக்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும் என்று அந்தப் பெண் சொல்லத்தான் செய்தாள். ஆனால் என் மூளை பரிசோதகன் மூளை. ஒரு வாய் வைத்துவிட்டு மிச்சத்தை மேசையில் விட்டால் என்ன ஆகும்? குடியை விட்டவர் கைக்கு எட்டும் தூரத்தில் முக்கால் கிளாஸ் நிற்கும். விடுவேனா? ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தேன்.

“புளிப்பு ஜாஸ்தி” என்றேன். மறுபடி கலந்தார். அதையும் காலி செய்தேன். “இனிப்பு தூக்கல்.” மறுபடி கலந்தார். கடமை என்று வந்துவிட்டால் நான் பின்வாங்குகிறவன் இல்லை. அதற்கடுத்த கிளாஸுக்குப் பிறகு, “அத்தான், நீங்க மனுஷன் இல்ல, தெய்வம்” என்றேனாம். அதற்கடுத்ததில் பாதியை அவர் சட்டையில் ஊற்றிவிட்டுப் பக்கத்து மேசைக்காரர்களை டிக்கெட் காட்டச் சொன்னேனாம். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே பயிர் பாட்டுக்கு நேராக நின்றது, வேலிதான் சாய்ந்துவிட்டது.

அத்தான் தன் வேனில் என்னைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி ஏற்றிப் போகிற வேகத்தில் வீட்டுக்கு ஓட்டினார். பொழுது சாயவில்லை. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், அக்கம்பக்கம் அத்தனை பேரும் வாசலில். என் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு இடுப்பைப் பிடித்தார். “ரெண்டு படி இருக்கு. பார்த்து, காலைத் தூக்கு” என்றார். நான் எத்தனையோ தடவை அவரிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

படியில் கால் இழுபடும் சத்தம் உள்ளே அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. அது போதாதா? “வந்துட்டாரு! நான் நினைச்சேன், கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி ஒரு நாள் வரும்னு நினைச்சேன்! வெக்கம் மானம் இருக்கா...” நான்கு வருடம் மூலையில் கிடந்த வசவு, துரு பிடிக்கவே இல்லை. கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“டேய்... நீயா?”

பின்னாலேயே அக்கா மகள் வந்தாள். அவள் கண்ணில் முதலில் பட்டது அத்தானின் இன்னொரு கையில் இருந்த ஜின் புட்டி. அடுத்து அவர் சட்டையின் நாற்றம். மேடையில் பரிசோடு நின்ற பிள்ளையின் முகம் அப்படியே திரும்பி வந்தது. அவர் குடிக்கவில்லை, அவர் பங்கையும் நான்தான் குடித்தேன் என்று விளக்க வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது.

அத்தான் என்னைப் படியில் உட்காரவைத்தார். புட்டியைக் கீழே வைத்தார். மகள் முன்னால் போய்க் குனிந்து ஊதினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். “இன்னொரு தடவை ஊதுங்கப்பா.”

ஊதினார்.

“எலுமிச்சை வாசனை வருது” என்றாள். குரல் உடைந்திருந்தது. “சட்டை ஏன் இப்படி நாறுது?”

“மாமா கொட்டிட்டான்மா” என்றார். பிறகு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வெறுங்கையோடு நிற்பவன், ஊற்றிக் கொடுப்பவன், பத்திரமான இடம். சொல்லி முடித்து, “உனக்கு வேணாம்னா வேணாம்மா. மதியமே வந்துடுறேன்” என்றார். அவள் புட்டியை எடுத்தாள், மெழுகு உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை என் தலைக்குள் யாரோ அம்மி கொத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மாமா, உண்மையைச் சொல்லுங்க. ஒரு சொட்டு கூடவா இல்ல?”

“என் உத்தியோகத்து மேல சத்தியம்மா. உங்கப்பா ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. சொட்டெல்லாம் என் வயித்துலதான் இருக்கு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். “விருந்துல கவுண்டர்ல நின்னு ஊத்திக் குடுக்குறவங்க கறுப்புச் சட்டைதான் போடுவாங்களாம். அப்பாவுக்கு ஒண்ணு வாங்கணும். கடைக்குக் கூட வர்றீங்களா?”

விருந்தன்று அத்தான் கறுப்புச் சட்டையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றார். வந்தவர்களுக்கெல்லாம் அளந்து, குலுக்கி, ஊற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா உற்சாகத்தில், “சம்பந்தி, நீங்களும் ஒண்ணு எடுங்க!” என்றார். “டியூட்டில இருக்கேன் சம்பந்தி” என்று அத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அக்கா காவல். என் கையில் வெறும் எலுமிச்சை ஜூஸ்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மணப்பெண் கவுண்டருக்கு வந்தாள். அவளைக் கண்டதும் அத்தான் பழக்க தோஷத்தில் கவுண்டர் மேல் குனிந்து உதட்டைக் குவித்துவிட்டார். அவள் சட்டென்று அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

“போதும்ப்பா. வந்தவங்களை முதல்ல என்ன வேணும்னு கேளுங்க.”

அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “என்னம்மா வேணும்?”

அவள் பின்னால் மறைத்து வைத்திருந்த மெழுகுப் புட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். “நீங்க வடிச்சதுல ஒண்ணு.”

மெழுகை உடைத்தார். அளந்தார், சாறு பிழிந்தார், குலுக்கினார். கை நடுங்கவில்லை. ஊற்றி அவள் பக்கம் நகர்த்திவிட்டு இரண்டு கையையும் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

அவள் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். “கொஞ்சம் கசக்குதுப்பா” என்றாள். “ஆனா நல்லா இருக்கு.”

அத்தான் துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.