சுவருக்கு மேலே கால் மீட்டர்

2.65 பெரிதா, 2.9 பெரிதா? சொல்லுங்கள் பார்ப்போம்.

எங்கள் தராவாத் தீவுப் பள்ளி ஆசிரியை தெரேத்தியா காலையிலிருந்து உட்காரவில்லை. நாளை ஓதம் பொங்கிக் கடல் 2.9 மீட்டர் ஏறும். கடல்மட்டத்திலிருந்து பள்ளித் தடுப்புச்சுவரின் உயரம் 2.65. மணல் மூட்டை கேட்டதற்கு ஊர்மன்றத் தலைவர் பவுரோ சிரித்தார்.

"ஒம்பதைவிட அறுபத்தஞ்சுதானே பெருசு? சுவரு தாங்கும், போம்மா."

தெரேத்தியா அவரை வகுப்புக்கே அழைத்துவந்து, அதையே கணக்காகப் போட்டார். 2.9-ஐ 2.90 ஆக்கி, புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வைத்துப் பிள்ளைகள் கழித்தார்கள்.

"டீச்சர், சுவத்துக்கு மேல கால் மீட்டர் தண்ணி! தலைவரு நீந்தித்தான் வரணும்!"

பவுரோவின் சிரிப்பு நின்றது. "சரி, திங்கக்கிழமை கூட்டத்துல பேசுவோம்."

கடல் எந்தக் கூட்டத்துக்குக் காத்திருக்கிறது? தெரேத்தியா தனியாக மணல் அள்ளிக்கொண்டிருக்கிறார். வீட்டில் காலிச் சாக்கு இருந்தால் இப்போதே எடுத்து வாருங்கள்.