லென்ஸ் இல்லாமல் மந்திரித்த கேமரா

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொம்மிடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் நடந்தது இது.

வருடாவருடம் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போவோம். வழியிலும் கடற்கரையிலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்து, பிரேம் போட்டு வீட்டில் மாட்டுவது வழக்கம். போனில் நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, அந்த வருடம் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தையல் வேலையில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, கேமரா வாங்கச் சேலத்துக்கு ரயிலேறினேன்.

பழைய கேமரா விற்கும் கடை. "டூர் போட்டோவுக்கா, ஆளுங்கள எடுக்கறதுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். "ரெண்டுக்குந்தாங்க" என்றேன். அவர் ஏதேதோ நம்பர் சொன்னார். நான் எட்டாவது படித்தவள். புரியவில்லை என்று காட்டிக்கொள்ளக் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் விலை குறைந்த பெட்டியைத் தொட்டேன். "இது பாடி மட்டுந்தாங்க, பரவால்லீங்களா?" என்றார். "பரவால்லீங்க" என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரி சொன்னேன். பிரித்துக் காட்ட வந்தவரையும் தடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் கோயிலில் ஃபாதரிடம் மந்திரிக்காமல் பிரிக்க மாட்டோம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். "மொத படம் என்னைத்தான் எடுக்கணும்" என்று சிரித்தபடி நின்றார். ஊரே சுற்றி நின்றது. பெட்டியைப் பிரித்தேன். கேமராவின் முன்னால் ஒரு மூடி. கழற்றினால் வெறும் ஓட்டை. லென்ஸைத் தனியாக வாங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏங்க்கா, கண்ணில்லாத கேமராவுக்கா மந்திரிச்சீங்க?" என்றாள் என் கொழுந்தன் பெண்டாட்டி. ஃபாதர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் காசில்லை. வியாழக்கிழமை பஸ். அத்தனை பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் பொம்மிடியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். வாசலிலேயே நின்று மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிவிட்டுத்தான் நுழைந்தேன். ஏனென்றால், அதுவரை எங்கள் பஸ்ஸில் வந்து படமெடுத்தவர் அந்த ஸ்டுடியோ அண்ணன்தான்.

"ஏம்மா, எம் பொழப்பையும் புடிச்சிக்கிட்டு, எங்கிட்டயே லென்ஸும் கேக்கறீங்களா?" என்றார். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேமராவைத் திருப்பிப் பார்த்தார். அலமாரியிலிருந்து உள்ளங்கை அளவு லென்ஸ் ஒன்றை எடுத்துத் திருகினார். மாதா புண்ணியம், பொருந்திவிட்டது.

"இது ஜூம் ஆவாது. ஆளு பெருசா தெரியணும்னா நீங்கதான் கிட்ட நடந்து போவணும். மொகம் எடுக்க இத உட்டா வேற கெடையாது."

"வாடகை எவ்வளவுங்கண்ணா?"

"படத்த மொதல்ல எங்கிட்ட காட்டுங்க. அது போதும்."

கடற்கரையில் பெரிய குடும்பங்களைப் படத்துக்குள் அடக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, புடவை முழங்கால் வரை அலையில் நனைந்தது. தனியாள் படத்துக்கு முகத்துக்கு முகம் நிற்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். எங்களோடு வந்த ஒரு அம்மாவுக்குக் கன்னத்தில் தீக்காயத் தழும்பு. எந்தப் படத்திலும் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பேசிக்கொண்டே எடுத்தேன். தழும்போடுதான் விழுந்தது, ஆனால் அப்படி ஒரு சிரிப்பு! பார்த்துவிட்டு, "இது நானாங்க? வூட்டுல மாட்டறேன்" என்றார். இன்றும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் சொன்னபடி கொண்டுபோய்க் காட்டினேன்; ஸ்டுடியோ அண்ணன் அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்தார். "இனிமே கல்யாணத்துல பொண்ணு வீட்டுப் பக்கம் நீங்க எடுங்கம்மா" என்றார். அன்று பிடித்த வேலை, இதுவரை நாற்பது கல்யாணத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொந்தமாக இரண்டு லென்ஸ் வாங்கிவிட்டேன்.

யாருடைய வேலை எனக்கு வந்ததோ, அவரேதான் என்னைத் தூக்கிவிட்டார் என்பதை நினைத்தால், உதவி என்று வாசலில் வந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை.